மாத்தேரானில் பழைய பங்களா விடுதியில் தங்கி, பழைய பாதைகளை நடந்தே பார்ப்பது எப்படி?

கேள்வி இது: மும்பை செம்பூரில் இருக்கும் குடும்பம். டிசம்பரில் மும்பைக்குப் பக்கத்து மலைவாசத் தலமான மாத்தேரானில் ஒரு பழைய பங்களா விடுதியில் இரண்டு இரவு தங்கப் போகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, ஆனால் தினமும் நடப்பவர். மகளுக்கு 11. குதிரை வேண்டாம், வரலாறு உள்ள பாதைகளில் நடக்க வேண்டும், எதை எப்போது நடப்பது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாத்தேரானில் இறங்கியதுமே "இத்தனை பாயிண்ட், இத்தனை ரூபாய்" என்று பேரம் தொடங்கிவிடும். அந்தக் கணக்கில் போனால் பாறை விளிம்புகளில் நின்று படம் எடுத்ததுதான் மிஞ்சும். இந்த மலையின் வரலாறு பாயிண்ட் எனப்படும் காட்சிமுனைகளில் இல்லை, அவற்றுக்கு இடையில் ஓடும் பாதைகளில் இருக்கிறது. கீழ்க் கிராமத்து மக்கள் ஏறி இறங்கிய தடம், பங்களாக்காரர்கள் மாலை உலாவுக்காக விளிம்பை ஒட்டிப் போட்ட பாதை, 1907-இல் வந்த ரயில் என்று மூன்று காலத்துப் பாதைகள் ஒரே மலையில் இருக்கின்றன. இரண்டு இரவில் மூன்றையும் பார்த்துவிடலாம். முதல் நாள் மாலை சார்லட் ஏரிப் பக்கம், இரண்டாம் நாள் காலை தெற்குச் சுற்று, மூன்றாம் நாள் கிளம்பும் வழியில் பனோரமா பாயிண்ட். அப்பாவுக்கும் இது தாங்கும்.

மலையின் அமைப்பு மனதில் இருந்தால் பாதி வழி தெரிந்த மாதிரி. வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் குறுகலான மேட்டுநிலம், உயரம் சுமார் 800 மீட்டர். நடுவில் கடைவீதியும் ரயில் நிலையமும். கடைவீதிக்கு வடக்கே இரண்டரை மூன்று கிலோமீட்டரில் தஸ்தூரி நாக்கா. வண்டிகள் அதுவரைதான். அதைத் தாண்டி கார், பைக் எதற்கும் அனுமதி இல்லை, ஆம்புலன்ஸும் சில இ-ரிக்‌ஷாக்களும் தவிர. 2003-இல் மத்திய அரசு இந்த மலையைச் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தது. ஆனால் வண்டி ஏறாத வழக்கம் அதற்கும் வெகு முந்தையது. பழைய பாதைகள் இன்னும் மண்பாதைகளாகவே இருப்பதற்கு அதுதான் காரணம்.

விடுதியை முடிவு செய்யும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். கடைவீதிக்கு வடக்கிலா தெற்கிலா? தெற்கில் இருந்தால் இரண்டாம் நாள் நடையில் நல்ல தூரம் மிச்சம். சாப்பாடு எத்தனை மணிக்கு? பழைய விடுதிகள் பலவற்றில் அறை வாடகையோடு சாப்பாடும் சேர்ந்தது, குறிப்பிட்ட நேரத்தில்தான் பரிமாறுவார்கள். மதியம் இரண்டரைக்குத் திரும்பினால் சாப்பாட்டுக் கூடம் மூடியிருக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய அப்பாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மூன்றாவது, காலை ஆறரைக்கு டீயும் பிஸ்கட்டும் கிடைக்குமா, டிபனைக் கட்டித் தருவார்களா? நான்காவது, சுடுதண்ணீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? நடந்துவிட்டு வந்து குளிக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

போகும் வழி. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் குர்லா வந்து, அங்கே மத்திய ரயில்வேயின் கர்ஜத் அல்லது கோபோலி லோக்கல் பிடித்து மலையடிவார ஊரான நேரலில் இறங்க வேண்டும். அம்பர்நாத், பத்லாபூர் வண்டிகள் நேரல் வரை போகாது. அவசரத்தில் அதில் ஏறிவிட்டால் அம்பர்நாத்திலோ பத்லாபூரிலோ இறங்கிக் காத்து நிற்க வேண்டியதுதான். ஊரிலிருந்து உறவினர் யாராவது நேராக வருவதாக இருந்தால், கல்யாணில் நிற்கும் ரயிலாகப் பார்த்து வந்து, அங்கிருந்து இதே கர்ஜத் லோக்கலில் ஏறச் சொல்லுங்கள்.

நேரலிலிருந்து மேலே போக ஷேர் டாக்ஸி உண்டு, ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கும். சின்ன ரயிலும் உண்டு. ஆனால் அதில் இடம் குறைவு, வரிசையில் நின்றுதான் டிக்கெட் வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு ஓடும் வண்டிகளும் சில மட்டுமே. மழைக்காலத்தில் நேரலுக்கும் தஸ்தூரிப் பக்கத்து நிலையமான அமன் லாட்ஜுக்கும் இடையே ரயில் நிறுத்தப்படும், மழை முடிந்த பிறகு மறுபடி தொடங்கும். டிசம்பரில் ஓடும். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மெல்ல ஏறும் பயணம் அது. ரயிலுக்காகவே போகிறீர்கள் என்றால் முதல் வண்டிக்கு வந்துவிடுங்கள். இல்லையென்றால் டாக்ஸியில் தஸ்தூரி போய், அங்கே நகராட்சி நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் அமன் லாட்ஜ் நிலையத்தில் கடைவீதி வரை ஓடும் ஷட்டில் ரயிலைப் பிடியுங்கள். சுமை தூக்குபவரிடம் பெட்டியைக் கொடுத்தால் அவர் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, விடுதியின் பெயரைத் தெளிவாகச் சொல்லி, கூலியையும் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். அப்பாவுக்குக் களைப்பாக இருந்தால் இ-ரிக்‌ஷா உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் சனி ஞாயிறுகளில் நம்பி இருக்க முடியாது. மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷாவை ஆறு மாதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே உத்தரவில் தஸ்தூரியிலிருந்து சிவாஜி சிலை வரையிலான பெரிய பாதையில் மட்டும் பேவர் கற்கள் பதிக்கலாம், உள்பாதைகளிலும் மலையேற்றத் தடங்களிலும் கூடாது என்றும் சொன்னது. நடப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

முதல் நாள் மாலை. சாப்பிட்டு, சற்று ஓய்ந்து, மூன்றரைக்குக் கிளம்பினால் போதும். கடைவீதியிலிருந்து மேற்கே மரநிழலில் இறங்கும் பாதை சார்லட் ஏரிக்குப் போகும். இது ஊருக்குக் குடிநீர் தரும் தேக்கம். அதனால் இறங்கிக் குளிப்பதோ கால் கழுவுவதோ கூடாது. கரையை ஒட்டி பிஸர்நாத் கோயில், இந்த ஊரின் கிராம தெய்வமான சிவன். ஏரிப் பக்கத்து மேற்கு விளிம்பில் லார்ட்ஸ், சீலியா, எக்கோ, லூயிசா என்று பாயிண்டுகள் கிட்டக் கிட்ட இருக்கும். எல்லாவற்றுக்கும் ஓட வேண்டாம், லூயிசாவில் நின்று பாருங்கள். பள்ளத்துக்கு அப்பால் நேர் எதிரே தட்டையான தலையோடு நிற்பது பிரபல்கட் கோட்டை. மாத்தேரானும் அதுவும் ஒரே பாறையின் மிச்சம், நடுவில் இருந்ததைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று மகளிடம் காட்டிச் சொல்லலாம். படுகை படுகையாகப் படிந்த எரிமலைக் குழம்புப் பாறையின் அடுக்குகள் இரண்டு மலைகளிலும் தெரியும்.

டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். மரங்களுக்கு அடியில் இருட்டு அதைவிட முன்னாலேயே வந்துவிடும். சூரியன் மறைந்த பிறகு அரை மணி நேரம் நின்று ரசித்துவிட்டு நடக்கத் தொடங்குபவர்கள்தான் வழி தவறுகிறார்கள். விளிம்புப் பாதையிலிருந்து பிரியும் ஒவ்வொரு பங்களா வழியும் பிரதான பாதை போலவே தெரியும். கையில் டார்ச் ஆளுக்கு ஒன்று. போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், சில இடங்களில் சிக்னலும் இருக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்தான் முக்கியமான நடை. இதற்கு மட்டும் கொஞ்சம் பின்னணி வேண்டும். 1850 மே மாதம் தாணே கலெக்டராக இருந்த ஹியூ பாயின்ட்ஸ் மாலெட், மலையின் தெற்கு அடிவாரத்தில் சௌக் கிராமத்தில் முகாமிட்டிருந்தார். ஒன் ட்ரீ ஹில்லுக்குக் கீழே இருக்கும் ஓடைப் படுகை வழியாக ஏறி, மேட்டுநிலத்தைக் கடந்து, ராம்பாக் வழியாக இறங்கினார். மலைவாசத் தலத்தின் கதை அங்கே தொடங்குவதாக எழுதுவார்கள். அவருக்குப் பின் பம்பாய் கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபு காலத்தில் பாதைகளும் பங்களாக்களும் பெருகின. ஆனால் தாக்கூர், கட்கரி, தங்கர் மக்கள் அதற்கு முன்பே இந்த மலையில் இருந்தார்கள். அவர்கள் கால் பட்டுத் தேய்ந்த தடத்தில்தான் கலெக்டரும் ஏறினார். "மாலெட் கண்டுபிடித்த மலை" என்று வழிகாட்டி சொன்னால், மகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தெற்குச் சுற்றில் மாலெட் ஏறிய இடம், இறங்கிய இடம் இரண்டும் வந்துவிடும். வரிசை இது: கடைவீதியிலிருந்து தென்கிழக்கே அலெக்ஸாண்டர் பாயிண்ட், பிறகு ராம்பாக், லிட்டில் சௌக், பிக் சௌக், மேற்கே திரும்பி ஒன் ட்ரீ ஹில், அங்கிருந்து ஏரி வழியாகக் கடைவீதி. நின்று நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம். இந்தத் திசையில் போனால் பள்ளம் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும். பள்ளம் வலப்பக்கம் வந்துவிட்டாலோ, கால் மணி நேரம் நடந்தும் விளிம்பே தென்படாவிட்டாலோ, ஏதோ பங்களாவுக்குள் போகும் வழியில் திரும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே வந்த வழியே திரும்பி, கடைசியாகப் பிரிந்த இடத்துக்குப் போங்கள். குறுக்கே காட்டில் புகுந்து சரிசெய்யப் பார்க்க வேண்டாம். வெயிலுக்கும் இந்தத் திசைதான் நல்லது. குளிர் விலகாத காலையில் கிழக்கு விளிம்பில் இளவெயில் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் மேற்குப் பக்கம் வரும்போது நிழல் இருக்கும்.

ராம்பாக்கில் கொஞ்சம் உட்காருங்கள். கீழே போர்காவ் கிராமத்திலிருந்து ஏறிவரும் பழைய பாதை இங்கேதான் மேட்டைத் தொடுகிறது. காலையில் தலைச்சுமையோடு ஏறிவருபவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு இது நடைபயிற்சிப் பாதை இல்லை, தினசரி வேலைக்கான வழி. ஒதுங்கி நின்று வழி விடுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இந்தப் பாதையில் முழுவதும் இறங்கலாமா என்று தோன்றும். சுமார் 700 மீட்டர் இறக்கம். பழக்கமுள்ள பெரியவருக்கே இரண்டு இரண்டரை மணி நேரம் ஆகும். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது ஒவ்வொரு அடியும் முட்டியில்தான் விழும். அப்பாவோடு வேண்டாம். பதினைந்து நிமிடம் இறங்கி, காடு மாறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறினால், அந்தப் பாதை எப்படிப்பட்டது என்பது காலுக்குத் தெரிந்துவிடும்.

சௌக் பாயிண்டுகளிலிருந்து தெற்கே மோர்பே அணையின் நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கும். நவி மும்பைக்குக் குடிநீர் அங்கிருந்துதான் போகிறது. தென்மேற்கே கூம்பாக நிற்பது இர்ஷால்கட். 2023 ஜூலை 19 இரவு அந்த மலைச்சரிவு சரிந்து இர்ஷால்வாடி என்ற ஆதிவாசிக் குடியிருப்பு மண்ணுக்குள் போனது. மழைக்காலத்தில் இந்தப் பக்கத்து மலைத்தடங்களில் போகாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ஒன் ட்ரீ ஹில் என்பது மேட்டுநிலத்திலிருந்து ஒரு குறுகிய பிளவால் பிரிந்து நிற்கும் குன்று. அதன் அருகே ஆம்பேவாடிக்கு இறங்கும் செங்குத்தான ஓடைத்தடத்தை சிவாஜி ஏணி என்று சொல்வார்கள். சிவாஜி இதில் ஏறி வேட்டைக்கு வந்தார் என்பது உள்ளூர் வழக்கு, அந்த அளவில் கேட்டுக்கொள்ளலாம். பிளவைத் தாண்டி குன்றின் மேல் ஏற முயல வேண்டாம். உருளும் சரளை மேல் கைப்பிடி இல்லாத ஏற்றம் அது. விளிம்பிலிருந்தே பிளவும் ஓடைத்தடமும் நன்றாகத் தெரியும்.

விளிம்பில் நிற்பது பற்றி. மலையின் மேல் தொப்பியாக இருப்பது செம்புராங்கல், அதாவது லேட்டரைட். அடியில் கரும்பாறை. மழைநீர் செம்புராங்கல்லுக்குள் ஊறி இறங்கி, கரும்பாறை தடுக்கும் இடத்தில் ஊற்றாக வெளியே வரும். மாலெட் பெயரிலேயே இங்கே ஒரு ஊற்று உண்டு. மலையுச்சியில் குடியிருப்பு சாத்தியமானதே இந்த ஊற்றுகளால்தான். அதே நீர் விளிம்பின் அடிப்பகுதியை அரித்துக்கொண்டும் இருக்கிறது. மேலே கெட்டியாகத் தெரியும் தட்டுக்கு அடியில் வெற்றிடம் இருக்கலாம். தடுப்புக் கம்பி இருக்கும் இடத்தில் அதன் மேல் சாயாதீர்கள், இல்லாத இடத்தில் குறைந்தது இரண்டு மீட்டர் உள்ளே நில்லுங்கள். செல்ஃபிக்காகப் பின்னால் நகர்வது கூடவே கூடாது.

காலணி விஷயத்தில் சமரசம் வேண்டாம். உலர்ந்த மாதங்களில் செம்மண் பொடியின் மேல் சின்னச் சின்ன உருண்டைச் சரளை கிடக்கும். இறக்கத்தில் அதன் மேல் வழவழப்பான அடியுள்ள செருப்பு வைத்தால், கடுகு கொட்டிய தரையில் நடக்கிற கதைதான். அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூ, நகத்தை வெட்டிய கால், ஈரம் தேங்காத காலுறை. புது ஷூவை இந்தப் பயணத்துக்கென்று வாங்கிப் போட்டுப் போனால் முதல் நாளே குதிகாலில் கொப்புளம் வரும். பதினைந்து நாள் முன்பே வாங்கி வீட்டுப் பக்கத்தில் போட்டுப் பழகுங்கள். அப்பாவுக்கு ஒரு கைத்தடி, கடைவீதியிலேயே கிடைக்கும். இறக்கத்தில் தடியை முன்னே ஊன்றிவிட்டுப் பிறகு காலை வைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் கொப்புளம் வந்தாலும் சட்டென்று தெரியாது. அதனால் விடுதிக்குத் திரும்பியதும் உள்ளங்காலை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். தெற்குச் சுற்றில் சில இடங்களில் எலுமிச்சைச் சாறு, மோர் விற்பார்கள். ஆனால் வார நாட்களில் கடைகள் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அப்பாவின் சட்டைப்பையில் குளுக்கோஸ் பிஸ்கட்டும் நாலு மிட்டாயும் இருக்கட்டும், உங்கள் பையில் இருந்தால் போதாது. வீட்டிலிருந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ புளிச்சாதமோ எடுத்துப் போவீர்கள், தெரியும். அதை பாயிண்டில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள். குரங்குகள் பொட்டலச் சத்தத்துக்கே வரும். கையில் தொங்கும் பிளாஸ்டிக் பை என்றால் பிடுங்கித்தான் போகும். உணவை மூடியுள்ள டப்பாவில் போட்டு முதுகுப் பைக்குள் வையுங்கள், விடுதி வராந்தாவிலோ குரங்கு இல்லாத காட்டு நிழலிலோ சாப்பிடுங்கள். குரங்கு பிடித்துவிட்டால் இழுக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். பயமுறுத்தாமல் பார்க்க வேண்டியது வேறொன்று: நாவல், கடுக்காய் மரங்களின் உச்சியில் செம்பழுப்பு உடலும் நீண்ட வாலுமாகத் தாவும் மலையணில். மராட்டியில் சேக்ரு என்பார்கள், மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கு. காலை ஏழு முதல் ஒன்பதுக்குள், பேச்சைக் குறைத்து நடந்தால் பார்க்க வாய்ப்பு அதிகம்.

குதிரை எதிரே வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கக் கூடாது, மேட்டுப் பக்கம் ஒதுங்க வேண்டும். குதிரை மிரண்டு உரசினால் நீங்கள் சாயும் திசையில் நிலம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். மகளுக்கு இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள். பெரிய பாதையில் குதிரைச் சாணமும் செம்மண்ணும் சேர்ந்து தூசி பறக்கும். ஆஸ்துமா உள்ளவர் யாராவது இருந்தால் முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்புப் பாதைகளில் இந்தத் தொல்லை வெகு குறைவு.

அன்று பிற்பகல் எங்கும் போக வேண்டாம். மாலையில் கடைவீதியில் சிக்கி (கடலை மிட்டாய்) வாங்கிக்கொண்டு மெல்ல நடங்கள். இந்த ஊரில் பிறந்த பாய் கோட்வால் பற்றி மகளுக்குச் சொல்லுங்கள். 1942 போராட்டத்தில் மும்பைக்கு மின்சாரம் கொண்டுபோன கோபுரங்களைச் சாய்த்த ஆசாத் தஸ்தா என்ற தலைமறைவுக் குழுவின் தலைவர். 1943 ஜனவரி 2 அன்று சித்தகட் காட்டில் போலீஸ் குண்டுக்கு இறந்தார். அப்போது அவருக்கு வயது 30. மலையின் வரலாறு என்றால் கலெக்டரும் கவர்னரும் மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் பனோரமா. இது மலையின் வடகோடி. கடைவீதியிலிருந்து போய்த் திரும்பினால் அரை நாள் போய்விடும். ஆனால் தஸ்தூரி நாக்காவும் வடக்குப் பக்கம்தான். அதனால் பெட்டிகளைச் சுமை தூக்குபவரிடம் கொடுத்து தஸ்தூரியில் இன்ன மணிக்கு என்று பேசிவிட்டு, பனோரமா பார்த்து அப்படியே தஸ்தூரிக்கு வந்துவிடுங்கள். சூரிய உதயத்துக்கென்று நாலரைக்கு இருட்டில் காட்டுக்குள் போக வேண்டாம், பாம்பும் உண்டு, பாதையும் தெரியாது. டிசம்பரில் ஏழு மணி வாக்கில்தான் உதயம். ஆறரைக்கு வெளிச்சம் கண்டு கிளம்பி, எட்டு எட்டரைக்கு அங்கே நின்றால் பனி விலகியிருக்கும். வடக்கே பேப் என்னும் விகட்கட் கோட்டை கிட்டத்தில் தெரியும். கீழே மலையைச் சுற்றி வளைந்து ஏறும் ரயில் தண்டவாளமும் தெரியும்.

அந்த ரயிலைப் பற்றி இங்கே நின்று சொன்னால்தான் புரியும். ஆதம்ஜி பீர்பாய் என்ற மும்பை போரா சமூக வணிகரின் குடும்பம், 16 லட்சம் ரூபாய்ச் செலவில், 1904-இல் தொடங்கி 1907-இல் முடித்தது. தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. நம் ஊட்டி ரயிலில் செங்குத்தான இடத்தில் நடுவே பல்சக்கரத் தண்டவாளம் இருக்கும், 12 அடிக்கு ஒரு அடி ஏறும். இங்கே பல்சக்கரம் கிடையாது, சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்பி 20 அடிக்கு ஒரு அடிதான் ஏற முடியும். அந்தச் சாய்வைக் காப்பாற்றத்தான் பாதையை இவ்வளவு வளைத்து, 20 கிலோமீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள். பார்த்ததும் தண்டவாளத்திலேயே நடந்து இறங்கலாம் என்று ஆசை வரும். நிறையப் பேர் செய்கிறார்கள். ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் அது குற்றம். வளைவுகளில் ஒதுங்க இடமும் இல்லை. அமன் லாட்ஜுக்கும் கடைவீதிக்கும் இடையே பக்கத்தில் தனி நடைபாதை இருக்கிறது, ரயிலைக் கிட்டத்தில் பார்க்க அதுவே போதும்.

கார்பட் பாயிண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கிழக்கே நீளும் முதுகு அது, நிழல் குறைவு, தூரமும் அதிகம். மூன்றாவது இரவு கிடைத்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் செவ்வாய் முதல் வியாழனுக்குள் தேதி வையுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறாகத்தான் அமைகிறது என்றால், பனோரமாவிலிருந்து பதினொரு மணிக்குள் தஸ்தூரி வந்து டாக்ஸி பிடியுங்கள். மதியத்துக்கு மேல் விடுதிகளிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், டாக்ஸி வரிசை நீளும். நேரலுக்கு வரும் லோக்கலும் கர்ஜத்திலேயே நிரம்பி வரும். அப்பாவுக்கு உட்கார இடம் வேண்டுமென்றால், நேரலிலிருந்து எதிர்ப்பக்க வண்டியில் கர்ஜத் வரை டிக்கெட் எடுத்துப் போய், அங்கே புறப்படும் வண்டியில் ஏறி உட்கார்ந்து வருவது நல்லது.